வள்ளி திருமணம்: தர்க்கம் நடக்கும்போது அன்பளிப்பு வாசிக்கலாமா?

தினைப்புனம்

பங்குனித் திருவிழாவுக்கு ஊருக்குப் போய்விட்டு நேற்றுதான் கோயம்புத்தூர் திரும்பினேன். சிவகங்கைப் பக்கம் சின்ன ஊர். மூன்றாம் நாள் ராத்திரி வள்ளி திருமணம். சின்ன வயதில் அப்பத்தா மடியில் சாய்ந்து பாதித் தூக்கத்தில் பார்த்த நாடகம். இந்த முறை முழுசாகக் கண் விழித்துப் பார்க்க வேண்டும் என்றே இரண்டு நாள் கூடுதலாக லீவு போட்டிருந்தேன்.

வள்ளியாக வந்த அம்மாவுக்கு அருமையான குரல். நாரதரும் லேசுப்பட்டவர் இல்லை. மணி ஒன்றரை இருக்கும், நாரதரும் வள்ளியும் பாட்டிலும் பேச்சிலும் மோதிக்கொள்கிற தர்க்கம் சூடு பிடித்துவிட்டது. மான் வயிற்றில் பிறந்தவளுக்கு மனிதப் பேச்சு எங்கிருந்து வந்தது என்கிற மாதிரி நாரதர் ஒரு கொக்கி போட்டார். வள்ளி சிரித்துக்கொண்டே கவணைத் தூக்கிப் பிடித்து, பதிலுக்கு முதல் அடியை எடுத்தார். அந்த நேரம் பார்த்து விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் மேடையோரம் வந்து மைக்கை வாங்கினார். "வள்ளியின் இனிய குரலைப் பாராட்டி மேலத்தெரு இளைஞர்கள் சார்பில் ஐந்நூறு ரூபாய்..." அடுத்தடுத்து ஆறு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் கை கூப்ப வேண்டும் என்பதால் அந்த அம்மா கவணைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நாரதர் திரும்பி நின்று தண்ணீர் குடித்தார். வாசித்து முடித்த பிறகு அந்தப் பதில் வரவே இல்லை. கூட்டத்தில் யாரோ கேட்டார்கள் என்று ஒரு சினிமாப் பாட்டு வந்தது.

அந்தப் பதில் என்னவாக இருந்திருக்கும் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். உங்கள் ஊர்களில் எப்படி? தர்க்கத்தின் நடுவில் அன்பளிப்பு வாசிப்பதை யாராவது நிறுத்திப் பார்த்திருக்கிறீர்களா?

கடைசிவரிசை

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் எதிர்ப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பேசின சம்பளத்தில் வண்டிச் செலவு, மேக்கப், புடவை, நகை செட் எல்லாம் போக அந்த அம்மா கையில் எவ்வளவு நிற்கும்? சீசன் என்பதே தை மாதம் தொடங்கி ஆடி வரைக்கும்தான். மேடையில் கையில் கிடைக்கும் ஐந்நூறு ரூபாய் முழுசாக அவருடையது. அதைக் குறுக்கீடு என்று மட்டும் பார்க்காதீர்கள்.

கொடுக்கிறவர் பக்கமும் இருக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வருஷம் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு மூன்று நாள் ஊருக்கு வந்தவர். தன் பெயர் தன் ஊர் மைக்கில் ஒருமுறை ஒலிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். அதில் என்ன தப்பு? எங்கள் அண்ணன் அப்படித்தான் அப்பா பெயரில் கொடுப்பார். அந்தப் பெயரைக் கேட்கும்போது அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வதை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன்.

பின்பாட்டு

இரண்டு பேர் சொல்வதும் சரிதான், ஆனால் நடுவில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. எங்கள் அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் ஆர்மோனியம் வாசித்தவர். காலால் மிதித்துக்கொண்டே இரண்டு கையாலும் வாசிக்கிற பெரிய பெட்டி. மதுரை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் வட்டாரம் முழுக்கப் போயிருக்கிறார். நான் பள்ளிக்கூடம் முடிந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜால்ரா போட்டிருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஸ்பெஷல் நாடகம் என்று ஏன் பெயர் வந்தது? கம்பெனி நாடகம் மாதிரி ஒரே குழு இல்லை. ராஜபார்ட் (நாயகன்) ஓர் ஊர், ஸ்திரீபார்ட் (நாயகி) வேறு ஊர், பபூன் (கோமாளி) வேறு ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசிக் கூட்டி வருகிறார்கள். ஒத்திகை கிடையாது. அன்றைக்குச் சாயங்காலம் மேக்கப் கொட்டகையில்தான் பார்த்துக்கொள்வார்கள், சில சமயம் அதுவும் இல்லாமல் மேடையிலேயே. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுக் கொடுத்த பாடம் எல்லாருக்கும் தெரியும் என்கிற நம்பிக்கையில்தான் ராத்திரி முழுக்க ஓடுகிறது. அவர் 1922-ல் காலமானார். நூறு வருஷத்துக்கு மேலாகியும் முன்பின் பழகாத இரண்டு பேர் அவர் பாடத்தை நம்பி மேடை ஏறுகிறார்கள்.

தர்க்கம் மட்டும் அப்படி இல்லை. அங்கே பாடம் கொஞ்சம், சொந்தச் சரக்கு நிறைய. நாரதர் என்ன கேட்பார் என்று வள்ளிக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் போட்டி உண்டு, கௌரவப் பிரச்சினையும் உண்டு. வள்ளி முதல் அடியை எடுத்துவிட்டார் என்றால் அந்த நொடியில் மனசுக்குள் அடுத்த மூன்று அடிக்கு எதுகை தேடிக்கொண்டிருக்கிறார். அப்பா அந்த நேரம் சுருதியை மட்டும் லேசாகப் பிடித்துக்கொண்டு, விரலை அசைக்காமல் அந்த அம்மா முகத்தையே பார்த்திருப்பார். மூச்சு இழுப்பதை வைத்தே எந்த ராகத்தில் வரப்போகிறது என்று கண்டுபிடித்துவிடுவார். அந்த நொடியில் மைக்கை வாங்கினால் எதுகை போய்விடும். நீங்கள் கேட்க நினைத்த பதில் அன்றைக்கு உருவாகிக்கொண்டிருந்தது, தினைப்புனம். அது வேறு எங்கேயும் எழுதிவைக்கப்படவில்லை.

அப்பா காலத்தில் ஒரு வழி இருந்தது. கமிட்டிக்காரர் சீட்டையும் பணத்தையும் ஆர்மோனியப் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். பாட்டு முடிந்து கைதட்டு வரும்போதோ, காட்டு சீன் படுதாவை மாற்றும்போதோ அப்பாவே கணீரென்று வாசித்துவிடுவார். பெயரும் கேட்கும், நாடகமும் கெடாது. கொடுத்தவர் யாரும் கோபித்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

தினைப்புனம்

"அன்றைக்கு உருவாகிக்கொண்டிருந்தது" என்று படித்ததும் மனசு கனத்துவிட்டது. கடைசிவரிசை அண்ணே, உங்கள் அம்மாவைப் பற்றிச் சொன்னதையும் மறக்க மாட்டேன். பெயரை வாசிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை.

ஒற்றைவாடை

கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். நாடகம் பார்க்கிறவர்கள் ஒரு காலத்தில் அமைதியாக இருந்தார்கள், இப்போதுதான் கெட்டுப்போனார்கள் என்று நினைக்க வேண்டாம். நம் இசை நாடகத்தில் சபை எப்போதும் சத்தமாகத்தான் இருந்திருக்கிறது. பாட்டு பிடித்தால் "ஒன்ஸ்மோர்" என்று கத்துவார்கள், நடிகர் செத்துக் கிடக்கிற காட்சியாக இருந்தாலும் எழுந்து மறுபடி பாடியாக வேண்டும். நாடக நடிகர் கிட்டப்பா பாடின காலத்தில் மைக் கிடையாது. கொட்டகையின் கடைசிப் பெஞ்சு வரைக்கும் தொண்டை ஒன்றுதான் போய்ச் சேர வேண்டும். அவர் 1933-ல் போனபோது வயது 27. கே.பி. சுந்தரம்பாளும் அவரும் சேர்ந்து பாடின நாடகங்களைக் கேட்டவர்கள் கடைசிவரை அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் ஒற்றைவாடை என்று பெயர் வைத்துக்கொண்டதற்குக் காரணம் நாடக நடிகர் விஸ்வநாத தாஸ். சென்னை யானைக்கவுனிப் பக்கம் இருந்த ஒற்றைவாடை நாடகக் கொட்டகையில் 1940 டிசம்பர் 31 அன்று முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் விட்டவர். முடி திருத்தும் மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதற்காகவே கூட நடிக்க மாட்டோம் என்று சக கலைஞர்கள் ஒதுக்கிய மனிதர். வெள்ளைக்காரரைக் கொக்காக்கி அவர் பாடின பாட்டுக்காக, போலீஸ் மேடைக்குப் பக்கத்திலேயே காத்திருக்கும். பலமுறை சிறைக்குப் போனார். தினைப்புனத்தில் பறவை ஓட்டுகிற கதையில் எந்தப் பறவையை ஓட்டச் சொல்கிறார் என்று சபைக்குப் பளிச்சென்று புரியும், உடனே கோஷம் எழும்.

அந்தச் சத்தம் எல்லாம் காதைக் கொடுத்துக் கேட்டதால் வந்த சத்தம். அடுத்த அடி என்ன என்று தெரிந்துகொண்டே கேட்பார்கள், தப்பினால் அங்கேயே சொல்லிவிடுவார்கள். நீங்கள் பார்த்த மேலத்தெரு இளைஞர்கள் தர்க்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்களா? கேட்டிருந்தால் அவர்களே கமிட்டிக்காரரை உட்காரச் சொல்லியிருப்பார்கள்.

மயானகாண்டம்

எல்லாரும் வள்ளியைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த ஒன்றரை மணிக்குப் பெண்கள் பக்கம் எத்தனை பேர் இருந்தார்கள் என்று தினைப்புனம் சொல்லவில்லையே?

எங்கள் ஊரில் பத்து மணிக்கு நாடகம் தொடங்கும்போது பெண்கள் பக்கம்தான் முதலில் நிரம்பும். பாய், போர்வை, பிள்ளைகள், வறுகடலைப் பொட்டலம். பன்னிரண்டு மணிக்கு வள்ளி வரும்போது பாதிப் பாய் காலி. இரண்டு காரணம். ஒன்று பபூனும் டான்ஸும். சிரிக்க வைக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மாமனார் கொழுந்தன் எல்லாம் எதிர்ப் பக்கம் உட்கார்ந்திருக்கிற இடத்தில் அந்த இரட்டை அர்த்தப் பேச்சை எவ்வளவு நேரம் தலை குனிந்து கேட்பது? அம்மா "வா போகலாம்" என்று பிள்ளைகளை எழுப்பிவிடுவார். இரண்டாவது காரணம் யாரும் வாய் திறந்து சொல்லாதது. ராத்திரி முழுக்க உட்கார வேண்டிய இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. ஆண்கள் கண்மாய்க்கரைக்குப் போய்விடுவார்கள். நாங்கள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவோம்.

எனக்கு அரிச்சந்திரன்தான் உயிர். மயான காண்டம் விடிகாலை மூன்று மணிக்கு மேல்தான் வரும். சந்திரமதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து அழுகிற இடத்தை முழுசாகப் பார்க்க எனக்கு முப்பத்தாறு வயது ஆனது. அதுவும் மேடைக்குப் பக்கத்து வீட்டில் சித்தி வாக்கப்பட்டு வந்த பிறகு. நடு ராத்திரியில் கதவைத் திறந்து விட ஓர் ஆள் இருந்ததால் அன்றைக்குப் பார்த்தேன்.

பின்பாட்டு

அக்கா, இதை எந்தக் கமிட்டிக் கூட்டத்திலும் பேசினதே இல்லை. சீரியல் செட்டுக்குச் செலவு பண்ணுகிறார்கள், ஊர் முகப்பில் இருபது அடிக்கு போர்டு வைக்கிறார்கள்.

பபூன் பற்றி ஒரு வார்த்தை. அத்தனை பேரையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம். நல்ல பபூனுக்கு நல்ல சங்கீதம் தெரிந்திருக்கும், ராத்திரியின் முதல் பாட்டை அவர்தான் பாடுகிறார். ஒரு ஊரின் நாடியைப் பத்து நிமிஷத்தில் பிடித்துப் பார்த்துவிடுவார். பெண்கள் பக்கம் நிறைந்திருந்தால் பேச்சு தானாக மாறும், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எழுந்து போவது நியாயம்தான். ஆனால் போகப் போக அவர் எதிரில் இருப்பது முழுக்க ஆண்கள் கூட்டம் ஆகிவிடுகிறது, பேச்சும் அதற்குத் தகுந்த மாதிரி போகிறது.

டான்ஸ் ஆடுகிற பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேடை விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிற ஆட்களைத் தாண்டித்தான் அவர்கள் ஆடுகிறார்கள். விடிந்ததும் அதே ஊர்ப் பஸ் ஸ்டாண்டில் அவர்கள் படுகிற பார்வை வேறு. எங்கள் வீட்டில் ஓர் அத்தை மாதிரி பழகினவர் ஒருவர், விடியும் முன்பே மேக்கப்பைக் கழுவிவிட்டு, கழுத்து வரை சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் வண்டி ஏறுவார். கேட்கிறவர்கள் ஒழுங்காக உட்கார வேண்டும் என்று நாம் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

தேம்ஸ்கரை

லண்டனிலிருந்து எழுதுகிறேன். பிறந்தது யாழ்ப்பாணம், இங்கு வந்து இருபத்தைந்து வருஷத்துக்கும் மேல். இந்த இழையைப் படிக்கப் படிக்க எனக்கு இங்கத்தைய அனுபவங்கள் ஞாபகம் வந்தன.

2002-ல் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் 'பாம்பே ட்ரீம்ஸ்' என்கிற மியூசிக்கல், அதாவது பாட்டு நாடகம், இங்கே அப்போலோ விக்டோரியா தியேட்டரில் ஓடியது. 1930-ல் சினிமாக் கொட்டகையாகக் கட்டின இடம், இரண்டாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். எனக்குக் கிடைத்தது மேலே கடைசிக்குப் பக்கத்து வரிசை. அங்கிருந்து பார்த்தால் ஆட்கள் விரல் நீளம்தான். 'ஷகலக்க பேபி' பாட்டுக்கு மேடையில் நீரூற்று கிளம்பியதும் எங்கள் வரிசையில் இருந்த ஒரு குஜராத்திப் பாட்டி எழுந்து நின்று கை தட்டினா. முன்னால் இருந்த வெள்ளைக்காரத் தம்பதி திரும்பி ஒரு பார்வை பார்த்தார்கள். அந்தப் பாட்டி உட்காரவில்லை. கொஞ்சத்தில் எங்கள் வரிசையே தாளம் போடத் தொடங்கியது. இங்கே பாட்டு முடிந்த பிறகுதான் கை தட்ட வேண்டும் என்பது எழுதாத சட்டம். அன்றைக்கு அது உடைந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. சின்னப் பிள்ளையாகக் கோயில் வீதியில் இருந்து பார்த்த கூத்து ஞாபகம்.

ஆனால் சத்தம் எல்லாம் நல்லது என்றும் சொல்ல முடியாது. 2023 ஏப்ரலில் மான்செஸ்டரில் ஒரு மியூசிக்கலின் கடைசிப் பாட்டில் சபையில் சிலர் மேடையை மிஞ்சிக் கத்திப் பாடி, நாடகத்தையே நிறுத்திப் போலீஸைக் கூப்பிடும்படி ஆயிற்று. காசு கொடுத்தேன், பாடுவேன் என்பது ஒரு கட்சி. பாடுகிறவரைக் கேட்கத்தான் காசு கொடுத்தேன் என்பது மற்றக் கட்சி. நான் இரண்டாவது கட்சி.

இன்னொன்று. 2025 கோடையில் இங்கே பல்லேடியம் தியேட்டரில் 'எவிட்டா' மியூசிக்கல் நடந்தது. அதன் பேர் போன பாட்டை நாயகி ரேச்சல் செக்லர் மேடையில் பாடவில்லை. தியேட்டர் முகப்பு மாடத்தில் வந்து நின்று, கீழே தெருவில் கூடியிருந்த சனத்துக்குப் பாடினார். உள்ளே டிக்கெட் வாங்கினவர்களுக்கு அது திரையில் தெரியும். பெரிய வாக்குவாதம் நடந்தது, அவ்வளவு காசு கொடுத்தவனுக்குத் திரை, சும்மா நின்றவனுக்கு ஆளா என்று. நான் சும்மா நின்றவன். வேலை முடிந்து வந்து, தோளில் பையோடு நின்றேன். ஆயிரக்கணக்கான பேர் இருந்த அந்த ஒடுங்கிய தெருவில், அவர் மாடத்துக்கு வந்ததும் ஒரு நிமிஷம் மூச்சுச் சத்தம் கூட இல்லை. யாரும் அமைதியாக இருங்கள் என்று சொல்லவில்லை.

கடைசிவரிசை

தேம்ஸ்கரை ஐயா, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தெருவில் நானும் நின்ற மாதிரி இருந்தது.

எங்கள் பக்கம் இப்போது இன்னொரு சிக்கல், நேரம். ஒலி மாசு விதிகள் 2000-த்திலிருந்தே இருக்கின்றன. ராத்திரி பத்து மணிக்கு மேல் காலை ஆறு வரைக்கும் வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கு என்று அரசு தளர்த்தினாலும் நள்ளிரவு வரைதான், அதுவும் வருஷத்தில் பதினைந்து நாளுக்கு மேல் கிடையாது. பத்து மணிக்குத் தொடங்குகிற நாடகத்துக்கு இதில் இடமே இல்லை. ஒவ்வொரு ஊரிலும் அந்தந்த ஸ்டேஷனில் பேசித்தான் நடத்துகிறார்கள். எங்கள் பக்கத்து ஊரில் போன வருஷம் ஒரு மணிக்கு முடிக்கச் சொல்லிவிட்டார்கள். எதை வெட்டினார்கள் தெரியுமா? டான்ஸை வெட்டவில்லை. தர்க்கத்தை வெட்டினார்கள். நாரதர் வந்தார், நாலு கேள்வி, போய்விட்டார். வேடன் வந்தார், கிழவன் வந்தார், யானை வந்தது, கல்யாணம் முடிந்தது.

அந்த மைக் செட் சத்தத்தையும் குறைக்கலாம். மேடைக்கு முன்னால் இருநூறு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அடுத்த ஊர் வரைக்கும் கேட்கிற மாதிரி பாக்ஸ் அடுக்குகிறார்கள். மிருதங்கம் நெஞ்சில் இடிக்கிறது, வார்த்தை ஒன்றும் விளங்குவதில்லை. வார்த்தை விளங்காவிட்டால் தர்க்கத்தை யார் கேட்பார்கள்? நான் முதலில் அன்பளிப்புக்காகப் பேசினேன். யோசித்துப் பார்த்தால், கேட்க முடியாத கூட்டம் வேறு என்னதான் செய்யும்?

ஒற்றைவாடை

சத்தத்தைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. எழும்பூர் மியூசியம் தியேட்டரில் உட்கார்ந்து பார்த்தால் இது புரியும். 1896-ல் கட்டினது. அரைவட்டமாக, படிப்படியாக இருக்கைகள். மேடையில் சாதாரணமாகப் பேசுவது மேல் வரிசைக்கு வந்து சேரும். அங்கே ஓர் இசை நாடகத்தை இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கிப் போட்டார்கள், பார்த்தேன். எதிரில் இருந்தவர்கள் ஒரு வார்த்தையைத் தவற விடவில்லை. சிலேடை விழுந்த இடத்தில் எல்லாம் சிரிப்பு. ஆனால் நாரதர் கடைசிவரை கடிகாரத்தைப் பார்த்தே பாடினார். ஊர்த் திடலில் அவருக்கு இருக்கிற தாராளம் அங்கே இல்லை. ஆற அமரப் பாடுகிற திடலும், வார்த்தை காதில் விழுகிற அரங்கும் ஒரே இடத்தில் எப்போது கிடைக்கும் என்று ஏங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

தினைப்புனம்

இரண்டு விஷயம் நடந்தது, சொல்கிறேன்.

ஊரில் கமிட்டியில் இருக்கிற என் சித்தப்பாவிடம் போனில் பேசினேன். சீட்டை ஆர்மோனியப் பெட்டி மேல் வைக்கிற யோசனையைச் சொன்னதும், "அட, முன்னாடி அப்படித்தானே இருந்துச்சு" என்றார். அடுத்த வருஷம் செய்து பார்க்கலாம் என்றிருக்கிறார். மயானகாண்டம் அக்கா சொன்னதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, மேடைக்குப் பின்னால் இருக்கிற பள்ளிக்கூடத்தின் சாவியை அன்றைக்கு ராத்திரி வாங்கி வைத்தால் பெண்களுக்குக் கழிப்பறை ஆகுமே என்று அவரே சொன்னார். இத்தனை வருஷமாக அந்தப் பள்ளிக்கூடம் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது, வைகாசியில் திருப்பத்தூர் பக்கம் ஓர் ஊரில் வள்ளி திருமணம் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. அதே வள்ளி அம்மா. நாரதர் வேறு ஆள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். எங்கே உட்கார்ந்தால் தர்க்கம் நன்றாகக் கேட்கும்?

பின்பாட்டு

ஆர்மோனியம் இருக்கிற பக்கம், மேடையிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி உட்காருங்கள். அதற்கு முன்னால் போனால் பாக்ஸுக்கு நேர் எதிரே மாட்டிக்கொள்வீர்கள், பின்னால் போனால் டீக்கடைப் பேச்சுதான் கேட்கும். அந்த இடத்திலிருந்து பார்த்தால் வள்ளி மூச்சு இழுப்பதும் தெரியும், பெட்டிக்காரர் கையும் தெரியும். பதினொன்றரைக்கு அம்மாவைக் கொஞ்ச நேரம் தூங்க விடுங்கள், நாரதர் வரும்போது எழுப்பிக்கொள்ளலாம். வைகாசிதான் என்றாலும் மூன்று மணிக்கு மேல் பனி இறங்கும், போர்வை எடுத்துக்கொண்டு போங்கள்.

மயானகாண்டம்

அந்த மான் கேள்வியை இந்த நாரதரும் கேட்டால், பதிலை அப்படியே எழுதிக்கொண்டு வந்து இங்கே போடு, தினைப்புனம்.